விளையாட்டும் விளையாட்டுக் காட்டுதலும்

"வாப்பா, இண்டைக்கு நீங்கதான் தெரிவு செய்யணும்" என்று சொல்லி மகள் அலுமாரியைத் திறந்து விட்டாள். மேல்தட்டு முதல் கீழ்த்தட்டு வரை விளையாட்டுப் பெட்டிகள். புத்தகங்களை அடுக்குவது போல முதுகுப் பக்கத்தில் பெயர் தெரிய அடுக்கி வைத்திருந்தார்கள். இராச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டார் எல்லோரும் மேசையைச் சுற்றியிருந்து விளையாட ஒரு பெட்டியை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் அந்த அலுமாரிக்கு முன்னால் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். அப்போது மனதில் எழுந்த ஒரு கேள்வியைத்தான் இங்கு வாசகரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2024 ஒக்டோபர் கடைசியில், ஜேர்மனியின் எஸ்ஸன் நகருக்கு அண்மையில் உள்ள மகளின் வீட்டில் இது நடந்தது. கோடைக்காக முன்தள்ளி வைத்த கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்தள்ளும் நாள் அப்போதுதான் கழிந்திருந்தது. மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டி விடுகிறது. நடைபாதை முழுவதும் ஈர இலைகள். வெளியே போக மனம் வராது. எங்கள் கிழக்குக் கரையில் மாரி மழை மனிதரை வீட்டுக்குள் சேர்த்து வைக்கிறது. அங்கே அந்த வேலையை இருட்டுச் செய்கிறது.

ஜேர்மனியர் பலகை விளையாட்டுகளைச் சிறுபிள்ளை விஷயமாக ஒதுக்கி விடுவதில்லை. 'ஆண்டின் விளையாட்டு' என்றொரு விருதை 1979 முதல் ஆண்டுதோறும் வழங்கி வருகிறார்கள். முதல் விருது டேவிட் பார்லெட் உருவாக்கிய 'முயலும் ஆமையும்' என்ற விளையாட்டுக்குக் கிடைத்தது. நூலின் அட்டையில் ஆசிரியர் பெயர் இருப்பது போலப் பெட்டியின் மேல் உருவாக்கியவர் பெயர் இருக்கிறது. எஸ்ஸன் நகரில் 1983 இல் தொடங்கிய விளையாட்டுக் கண்காட்சிக்கு 2024 ஒக்டோபரில் நான்கு நாட்களில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் வந்திருந்தார்கள். மருமகன் என்னையும் கூட்டிப் போனார். பேரப்பிள்ளைகளைப் பெற்றவர்களும் பேரப்பிள்ளைகளும் ஒரே மேசையில் குனிந்திருந்த காட்சியைப் பார்த்து நான் வியந்து போனேன்.

எங்கள் மேசையில் ஆறு பேர். என் மனைவிக்கு ஜேர்மன் எழுத்துத் தெரியாது. தாயக்கட்டையையும் அவர் கையால் தொட மாட்டார். மருமகன் பொறியியலாளர், எதை எடுத்தாலும் வெல்வார். மகள் நாள் முழுவதும் வேலை செய்து களைத்து வருபவள். பதினைந்து வயதுப் பேத்திக்குத் தோல்வி பிடிக்காது. அதைக் காட்டிக்கொள்வதும் பிடிக்காது. பேரனுக்கு எட்டு வயது, தோற்றால் கண் கலங்கும். ஆறாவது ஆள் நான். ஆறு பேருக்கும் பொதுவாக இருந்தது அந்த மேசை ஒன்றுதான்.

அலுமாரிக்கு முன்னால் நின்றபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. விளையாட்டைத் தெரிவு செய்பவனின் கையில் ஓர் அதிகாரம் இருக்கிறது. சதுரங்கத்தை எடுத்தால் இன்றிரவு மருமகன்தான் கெட்டிக்காரர் என்று நான் முடிவு செய்துவிட்டேன். கவிழ்த்து வைத்த படங்களில் சோடி தேடும் ஞாபக விளையாட்டை எடுத்தால் பேரன் வெல்வான், நான் மறதிக் கிழவனாவேன். சொல் விளையாட்டை எடுத்தால் மனைவி தேநீர் ஊற்றப் போய்விடுவார். இன்றிரவு யார் அறிவாளி, யார் வேடிக்கைப் பொருள், யார் வெறும் பார்வையாளர் என்பதில் பாதி, பெட்டி திறக்கும் முன்பே தீர்மானமாகி விடுகிறது. அநேகமாக எல்லா வீடுகளிலும் தெரிவு செய்பவர் வெல்லக்கூடியவராகவே இருப்பதும் தற்செயல் அல்ல.

இதற்கு நான் அறிந்திருந்த பரிகாரம் ஒன்றுதான். எதையாவது எடுத்து, பலவீனமானவருக்கு இரகசியமாகத் தோற்றுக் கொடுப்பது. அந்தப் பரிகாரம் எனக்கு ஒரு தம்பியை அரைவாசி இழக்கச் செய்தது.

எழுபதுகளின் மாரி காலம் ஒன்றில் தெருவெல்லாம் வெள்ளம், பாடசாலை மூடியிருந்தது. எனக்கு இருபது வயது, தம்பிக்குப் பதினொன்று. குப்பி விளக்கு வெளிச்சத்தில் அவனுக்குச் சதுரங்கம் பழக்கினேன். முதல் வாரம் தோற்றுத் தோற்று அவன் முகம் வாடியது. பிறகு நான் ஒன்றைவிட்டொரு ஆட்டம் தோற்கத் தொடங்கினேன். யானையைக் காவலின்றி விடுவேன், ராணியை மறந்தவன் போல நடிப்பேன். அவன் உம்மாவிடம் ஓடிப்போய் "நானாவை வெண்டிட்டேன்" என்று சொல்வதைக் கேட்க எனக்கு இனிக்கும். பத்துப் பதினைந்து நாள் இப்படிப் போனது. ஓர் இரவு நான் வேண்டுமென்றே விட்ட ராணியை அவன் வெட்டவில்லை. பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டான். "நானா, நீங்க என்னோட விளையாடல்ல. எனக்கு விளையாட்டுக் காட்டியிருக்கீங்க."

விளையாட்டுக் காட்டுவது என்பது தொட்டில் பிள்ளைக்குச் செய்வது. அழுகிற பிள்ளைக்குக் கிலுக்கைக் காட்டுவோம், நிலாவைக் காட்டுவோம். அந்தச் சொல்லைப் பதினொரு வயதுப் பையன் எவ்வளவு சரியாகத் தெரிந்தெடுத்திருந்தான் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது. அவன் அதன்பின் என்னோடு சதுரங்கம் ஆடவே இல்லை. நான் எதைப் பாராட்டினாலும், மெய்யாகவா என்று கேட்பது போல ஒரு பார்வை மட்டும் அவனிடம் நிலைத்துவிட்டது.

நான் செய்த பிழை என்ன? பேர்னாட் சூட்ஸ் என்ற மெய்யியலாளர் 1978 இல் வெளியிட்ட 'வெட்டுக்கிளி' என்ற நூலில் விளையாட்டு என்றால் என்ன என்று ஆராய்கிறார். அவரது கருத்தைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். கொல்ஃப் ஆடுபவர் பந்தைக் கையில் எடுத்துப் போய்க் குழியில் போட்டுவிட்டு வரலாம், அதுதான் இலகு. ஆனால் அந்த இலகுவான வழியைத் தாமாகவே விட்டுவிட்டு, தடைகளை ஏற்றுக்கொண்டு முயல்வதே விளையாட்டு. ஆகவே விளையாடுபவர் விதியையும் ஏற்க வேண்டும், இலக்கையும் ஏற்க வேண்டும். மோசடிக்காரர் இலக்கை ஏற்கிறார், விதியை ஏற்பதில்லை. ஆட்டத்தைக் குழப்புபவர் இரண்டையும் ஏற்பதில்லை. விதியை ஏற்று இலக்கை மட்டும் கைவிடுபவர் என்று மூன்றாம் வகையினரையும் அவர் காட்டுகிறார். அன்று குப்பி விளக்கடியில் இருந்த நான் அந்த மூன்றாம் வகை. காய்களை விதிப்படிதான் நகர்த்தினேன், ஆனால் வெல்ல முயலவில்லை. தம்பிக்கு எதிரே ஆளே இருக்கவில்லை. தன் முழு அறிவையும் திரட்டி அவன் ஒரு வெற்றுக் கதிரையோடு மோதிக்கொண்டிருந்தான்.

சிறுவர் மனம் நோகாதிருக்க ஒரு சிறிய பொய் ஆகாதா என்று வாசகர் கேட்கலாம். மூன்று நான்கு வயதுப் பிள்ளையோடு ஆடும்போது அது ஆகும் என்றே நினைக்கிறேன். அந்த வயதில் அது கொஞ்சுவதன் ஒரு வகை, ஆட்டம் அல்ல. ஆனால் அந்த வயது முடிந்துவிட்டதைப் பெரியவர்கள் அறியும் முன்பே பிள்ளை அறிந்துவிடுகிறது. அதன்பின் தோற்றுக் கொடுப்பது, 'நீ என் எதிரே உட்காரத் தகுந்தவன் அல்ல' என்று சொல்லாமல் சொல்வதாகும். வயோதிபரோடு ஆடும்போதும் இதே கதைதான்.

அப்படியென்றால் பலமுள்ளவர் பலவீனரை இரக்கமின்றித் தோற்கடித்துக்கொண்டே இருப்பதுதான் நேர்மையா? அதுவும் இல்லை. இதற்கு நான் கண்ட விடை இதுதான்: அன்பு காட்டும் இடம் தெரிவு, ஆட்டத்தில் காட்ட வேண்டியது நேர்மை. இரக்கமெல்லாம் பெட்டியைத் திறக்கும் முன், எல்லோரும் அறிய, மேசையின் மேல் வைக்கப்பட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சதுரங்க வல்லுநர்கள் தம்மிலும் குறைந்தவரோடு ஆடும்போது தம் யானையையோ ராணியையோ முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு ஆடுவது வழக்கம். கிழக்காசிய 'கோ' விளையாட்டில் பலவீனமானவர் சில கற்களை முன்கூட்டியே பலகையில் வைத்துக்கொள்வார். இருவருக்கும் தெரிந்த சலுகை அது. அதன்பின் இருவரும் முழு மூச்சோடு மோதலாம். அந்த வெற்றியில் பொய் இல்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு அலுமாரியைத் திரும்பப் பார்த்தேன்.

மொனோபொலி இருந்தது. ஒருவர் வங்குரோத்தாகி எழுந்து போக, மிச்சப் பேர் இரண்டு மணித்தியாலம் ஆடும் விளையாட்டு. முதலில் எழுப்பப்படுபவர் அநேகமாகச் சிறியவர். இதன் மூலம் 1904 இல் அமெரிக்காவில் எலிசபெத் மகீ என்ற பெண் உரிமம் பெற்ற 'நில உடைமையாளர் விளையாட்டு'. நில ஏகபோகத்தின் கொடுமையை உணர்த்தவே அவர் அதை ஆக்கினார். ஒருவரின் செல்வத்தால் எல்லோரும் பயன்பெறும் விதிகளையும் அதற்கு எழுதியிருந்தார். 1935 இல் மொனோபொலி என்ற பெயரில் சந்தைக்கு வந்தபோது மற்றவரை நசுக்கும் விதிகள் மட்டுமே எஞ்சின. யாரையும் மேசையிலிருந்து எழுப்பும் விளையாட்டு அன்று எனக்கு வேண்டாம்.

பாம்பும் ஏணியும் இந்தியாவில் தோன்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து போனது. கிழவனையும் குழந்தையையும் சமமாக்குவதில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் அதற்குத் தாயக்கட்டை வேண்டும். "பந்தயக் காசு இல்லைதானே மாமி, என்ன பிழை?" என்று மருமகன் முன்பொருநாள் கேட்டிருந்தார். நர்து ஆட்டம் பற்றிய ஹதீஸும், சிந்தனையில் தங்கிய ஆட்டத்தையும் அதிர்ஷ்டத்தில் தங்கிய ஆட்டத்தையும் ஷாபிஈ சட்ட நூல்கள் வேறுபடுத்துவதும் நம் வாசகர் அறிந்தவையே. அங்கு நான் பத்வா சொல்ல நிற்கவில்லை. உள்ளம் உறுத்த ஒருவரை உட்கார வைத்தால் அவர் விளையாடுபவர் அல்லர், நமக்காகச் சகித்திருப்பவர். அந்தப் பெட்டியையும் விட்டுவிட்டேன்.

எல்லோரும் ஒரே கட்சியாக நின்று ஆடும் விளையாட்டு இருக்கிறதே என்று பேத்தி நினைவூட்டினாள். மற் லீகொக் 2008 இல் வெளியிட்ட 'பன்டெமிக்' அந்த வகை. உலகில் பரவும் நான்கு நோய்களை எல்லோரும் சேர்ந்து அடக்க வேண்டும். நான்கு பேர் வரையே ஆடலாம் என்பதால் முதல் வாரம் நாங்கள் நால்வர் ஆடிப் பார்த்திருந்தோம். அங்கு யாரும் யாரையும் தோற்கடிப்பதில்லை. ஆனால் நடந்தது என்ன? மருமகன் எல்லோருக்கும் வழி சொன்னார், நாங்கள் காய்களை நகர்த்தினோம். உலகம் காப்பாற்றப்பட்டது, பேரன் கொட்டாவி விட்டான். தோல்வி இல்லாத இடத்திலும் ஒருவரை ஒன்றுமில்லாதவராக்க முடியும் என்று அன்று கண்டேன்.

கடைசியில் நான் எடுத்தது 'கார்க்கசோன்'. கிளவுஸ் யூர்கன் விரீட ஆக்கியது, 2001 இல் அந்த விருதைப் பெற்றது. எழுபத்திரண்டு அட்டைச் சதுரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பாதையோடு பாதையும் நகரத்தோடு நகரமும் பொருந்த வைத்து ஒரு நிலப்படத்தைக் கட்டுவார்கள். சதுரங்களில் வாசிக்க எழுத்து இல்லை, தாயக்கட்டை இல்லை, கடைசிச் சதுரம் வரை யாரும் எழுந்து போக வேண்டியதில்லை. ஐந்து பேருக்கான விளையாட்டு என்பதால் மனைவியும் பேரனும் ஒரு கட்சி என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னோம். தையல் தெரிந்த கண் ஒன்று, விதி தெரிந்த தலை ஒன்று. அதுதான் எங்கள் சலுகை.

அரைவாசி ஆட்டத்தில் எனக்குச் சோதனை வந்தது. பாட்டியும் பேரனும் பெரியதொரு நகரத்தைக் கட்டி, இன்னும் ஒரு சதுரம் வந்தால் முடிக்கும் நிலையில் இருந்தார்கள். என் கைக்கு வந்த சதுரத்தை அதன் பக்கத்தில் வைத்தால் அந்த நகரம் முடிவது மிகக் கடினம். வேறிடத்தில் வைத்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பேரனின் முகத்தைப் பார்த்தேன். பிறகு அந்த இடத்திலேயே வைத்தேன். அவன் கண் கலங்கியது. ஒரு கணம் நான் கொடியவன் போல உணர்ந்தேன். மனைவி அவன் காதில் எதையோ சொன்னார். இருவரும் பலகையை உற்றுப் பார்த்தார்கள். அடுத்த முறை என் நீண்ட பாதையை நட்டநடுவில் முட்டி நிறுத்தினான். "மூத்தப்பா, இப்ப எப்படி?" என்று எழுந்து நின்று சிரித்தான்.

மருமகன்தான் வென்றார். அவர்கள் மூன்றாவது, நான் கடைசி. காய்களைப் பைக்குள் போடும்போது பேரன் கேட்டான்: "நாளைக்கும் விளையாடுவமா?" தம்பி என்னிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது.

ஊர் திரும்பிய பின் ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு தம்பியின் வீட்டுக்குப் போனேன். அவனும் இப்போது பேரப்பிள்ளை கண்டவன். பலகை இருக்கிறதா என்று கேட்டேன். நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய் எடுத்து வந்தான். காய்களை அடுக்கிய பின் தன் ராணியைத் தூக்கி என் கண் முன்னாலேயே ஓரமாக வைத்தான். "நானாக்கு வயசு போயிட்டு. நான் இப்ப இந்தத் தெருப் பொடியன்களுக்கெல்லாம் பழக்கிறவன்" என்றான்.

ராணி இல்லாமலே என்னை வென்றான். அடுத்த வெள்ளிக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறான்.