நிரூபணம் யாருடைய உடைமை?

ஒரு மருந்து யாருக்குரியது என்னும் வினா, அதனைக் கண்டறிந்தவர் யார் என்பதோடு முடிந்துவிடுவதில்லை. அது பயன்தரும் என நிரூபித்தவர் யார் என்பதும் ஆராயப்படல் வேண்டும். கஞ்சாச் செடியிலிருந்து பெறப்படும் கனபிடியோலின் வரலாறு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

அதன் இரசாயனக் கட்டமைப்பை இஸ்ரேலிய அறிஞர் ரபாயெல் மெக்கூலமும் அவருடைய சகாவும் 1963 இல் தெளிவுபடுத்தினர். அது வலிப்பைத் தணிக்கக்கூடும் என்பதை 1980 இல் வெளியான சிறியதொரு பிரேசில் ஆய்வு உணர்த்திற்று. எனினும் போதைச் செடி என்னும் முத்திரை அம்முயற்சிகளுக்குப் பெருந்தடையாக நின்றது. 1998 இல் பிரித்தானியாவில் தோன்றிய ஜீ.டபிள்யூ. பார்மசூட்டிக்கல்ஸ் கம்பனி, அரசின் அனுமதியுடன் கஞ்சாவைப் பயிரிட்டு மருந்தாக்கத்தில் இறங்கியது. கனபிடியோலைக் கொண்ட அதன் எபிடியோலெக்ஸ் 2018 இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அங்கு அப்போது குறிக்கப்பட்ட விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 32,500 டொலர். 2021 இல் கம்பனியே ஏறத்தாழ 720 கோடி டொலருக்குக் கைமாறியது.

இரு தசாப்தங்களாக முதலிட்டு, பிறர் தயங்கிய துறையில் நட்டத்துக்கு அஞ்சாது நின்றவர்க்கு ஊதியம் உரியதே என்பர் ஒரு சாரார். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் அங்கீகாரத்துக்கு ஆதாரமான ஆய்வுகளுள் ஒன்றை ஈண்டு நோக்குதல் தகும்.

குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் கொடிய வலிப்பு நோயாகிய டிராவே நோயுற்ற 120 பிள்ளைகளும் இளையோரும் அதில் பங்குபற்றினர். முடிவுகள் 2017 இல் வெளியாயின. வழமையான மருந்துகளுடன் 61 பேர் கனபிடியோலையும், 59 பேர் அதனைப் போலத் தோன்றும் வெறுங் கரைசலையும் 14 வாரங்கள் அருந்தினர். மாதாந்த வலிப்புகளின் இடையம் முதற் குழுவில் 12.4 இலிருந்து 5.9 ஆகக் குறைந்தது, மற்றதில் 14.9 இலிருந்து 14.1 ஆக மாத்திரமே குறைந்தது.

14.1 என்னும் எண் இன்றேல் 5.9 என்னும் எண்ணுக்குப் பொருளில்லை. வெறுங் கரைசலை அருந்தி வலிப்புகளைத் தாங்கிய 59 பேரும் அந்நிரூபணத்தின் சரிபாதியை ஆக்கியவர்களாவர். ஆய்வின் பின்னர் அவர்களுக்கும் மருந்தைப் பெற வழி செய்யப்பட்டது உண்மையே. ஆனால் அவர்களின் நோவிலிருந்து பிறந்த அறிவோ கம்பனியின் ஆதனமாயிற்று. பணத்தை இடருக்குள்ளாக்கியவன் பங்காளியாகின்றான். உடலை இடருக்குள்ளாக்கியவன் அட்டவணையில் ஓர் எண்ணாகின்றான். இவ்வேறுபாட்டுக்கு நீதியின்பாற்பட்ட நியாயம் எதுவுமில்லை.

இதனாற் கம்பனிக்கு ஊதியமே கூடாதென்பது பெறப்படாது. விலையை நிர்ணயிக்கும் உரிமை முதலுக்கு மட்டும் உரியதாகாது என்பதே பெறப்படுகின்றது. 2019 இல் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, விலைபேசி இம்மருந்தை ஏற்றுக்கொண்டமை சமுதாயம் தலையிட முடியும் என்பதைக் காட்டுகின்றது. பேரம்பேசும் வலிமையுள்ள நாடுகளோடு அத்தலையீடு நின்றுவிடுதல் போதாது. நோயாளரின் உடலைச் சாட்சியாகக் கொண்டு அங்கீகாரம் பெறும் எம்மருந்தும், அந்நோயாளர் எங்கிருப்பினும் அவர்க்கு எட்டும் விலையில் கிடைத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை, அங்கீகாரத்துடனேயே விதிக்கப்படல் வேண்டும். அது கொடை அன்று, கடன் தீர்த்தலேயாகும்.