விட்டதும் பறிகொடுத்ததும்

கும்பகோணத்தை அடுத்த சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் திருமங்கையாழ்வாருக்கு ஒரு செப்புத் திருமேனி இருந்தது, 16-ஆம் நூற்றாண்டுடையது. 1957-இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் எடுத்த புகைப்படத்தில் அது கோயிலில்தான் இருக்கிறது. 1967-இல் லண்டனில் சோதபீஸ் ஏலத்தில் அதை வாங்கியது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம். 2019-இல் ஓர் ஆய்வாளர் பழைய படத்தையும் அருங்காட்சியகச் சிலையையும் பொருத்திப் பார்த்துச் சொன்ன பிறகே விஷயம் வெளியே வந்தது. தமிழ்நாட்டுச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு விசாரித்தபோது, கோயிலில் இருப்பது நகல் என்று தெரிந்தது. 2024-இல் அசலைத் திருப்பித் தரப் பல்கலைக்கழகப் பேரவை இசைந்தது.

செய்தியைப் படித்தவர்கள் திருட்டைப் பற்றிப் பேசினார்கள். என் மனசு நகலிடம் போய் நின்றது. அரை நூற்றாண்டாக அந்த ஊரார் அதைத்தானே நீராட்டி, வஸ்திரம் சாத்தி, கற்பூரம் காட்டிக் கும்பிட்டிருக்கிறார்கள்? அந்தக் கும்பிடெல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

ஆழ்வாருக்குத்தான் என்று நான் நம்புகிறேன். நம் ஆகம வழக்கமே இந்த நம்பிக்கைக்கு இடம் தருகிறது. கோயிலில் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்கிறார்கள். மூலவரிடமுள்ள சக்தியை மந்திரத்தால் ஒரு கும்பத்து நீருக்கு அழைத்து, அங்கிருந்து அத்திப் பலகையிலோ சிறு படிமத்திலோ இருத்துகிறார்கள். குடமுழுக்கு முடியும்வரை பூசை அங்கேதான். அதுவரை கருவறையில் நிற்பது கல். பின்னப்பட்ட சிலையை ஆற்றிலோ கடலிலோ விட்டுவிடச் சொல்வதும் இதே மரபுதான். தெய்வம் வரும், இருக்கும், போகும்; பொருள் அதற்குக் கொஞ்ச காலம் இடம் கொடுக்கிறது. அப்படியானால் ஒரு பொருளை என்றென்றைக்குமாகக் காப்பது அதற்குச் செய்யும் மரியாதைதானா? இந்தக் கேள்வி சில மாதங்களாக என்னை விடவில்லை. காரணம் என் அண்ணன் மகள்.

அவள் சாந்திநிகேதன் கலாபவனில் ஓவியம் படித்தவள். போர்ட் பிளேரில் இருக்கும் நாங்கள் மெயின்லேண்ட் என்று சொல்லும் இந்தியப் பெருநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் கலைக்கூடம் அவளைத் தங்கி வேலை செய்ய அழைத்திருக்கிறது. ரெசிடென்சி என்கிறார்கள். தங்க ஓர் அறை, வேலைக்கு ஒரு கூடம், செலவுக்குப் பணம். மாணவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து அவள் செய்வதைப் பார்க்கலாம், கேட்கலாம். கடைசியில் கண்காட்சி. அவள் எடுத்துக்கொண்ட பொருள் கச்சால் தீவு. “அத்தை, தாத்தாவோட பால் வெட்டும் கத்தி உங்ககிட்டதானே இருக்கு? அது வேணும்” என்றாள்.

கத்தியின் கதையைச் சொல்ல வேண்டும். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தால் இலங்கை மலைநாட்டிலிருந்து அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் என் தாய் தகப்பனும் உண்டு. அவர்களில் சில குடும்பங்களை அரசாங்கம் நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தில் கச்சாலுக்குக் கொண்டுபோய் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தியது. அப்பா விடியுமுன் எழுந்து மரம் மரமாகப் போய்ப் பட்டையைச் சீவி, வழியும் பாலுக்குச் சிரட்டை வைத்துவிட்டு வருவார். பட்டைக்கு உள்ளே இருக்கும் மெல்லிய தோலில் கத்தி பட்டால் மரம் புண்ணாகிவிடும். அதை நெருங்காமல் மேலோடு சீவினால் பால் குறையும். அந்த மயிரிழை ஆழம் அவர் மணிக்கட்டுக்குத் தெரியும். கத்தியின் மரப்பிடியில் அவருடைய கட்டைவிரல் பதிந்த குழி இன்றைக்கும் இருக்கிறது.

அப்பா இறந்தபோது பக்கத்து நிக்கோபாரி வீட்டுப் பெரியம்மா அம்மாவிடம் வந்து இந்தியில் கேட்டார்: அவருடைய சாமான்களை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய், தேடிக்கொண்டு வரமாட்டாரா? இறந்தவர் புழங்கிய பொருள்களை உடைத்துக் கல்லறையருகே போட்டுவிடுவது நிக்கோபாரிகளின் பழைய வழக்கம். அது வெறும் பயத்தால் செய்வதல்ல. போனவருக்கு உரியதை இருக்கிறவர் பிடித்து வைத்துக்கொள்ளலாகாது என்ற நியாயம் அதற்குள் இருக்கிறது. அம்மா வேட்டி சட்டையை எரித்தார். கத்தியை மட்டும் என் கையில் கொடுத்து, “நீ போர்ட் பிளேருக்குக் கொண்டு போ” என்றார். அடுத்து வந்தது 2004 டிசம்பர் 26. நிக்கோபாரில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் கச்சால் ஒன்று. எங்கள் லயக் குடியிருப்பையும் மாரியம்மன் கோயிலையும் அப்பா புதைக்கப்பட்ட இடத்தையும் அலை எடுத்தது. அம்மாவையும் எடுத்தது.

ஆகவே அந்தக் கத்தியில் இரண்டு சாவுகள் இருக்கின்றன. ஒன்றில் நாங்களே பார்த்துப் பார்த்து விட்டுக்கொடுத்தோம். மற்றதில் எங்களைக் கேட்காமலே எல்லாம் போயிற்று.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கலைக்கூடங்கள் கவனிப்பதில்லை என்று எனக்குப் படுகிறது. அவை எல்லாவற்றையும் ஒரே கையால் காக்கின்றன. போர்ட் பிளேரின் பீனிக்ஸ் பே மானுடவியல் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போனோம். உடன் வந்தவர் நான்கௌரிப் பக்கத்து நிக்கோபாரி ஆசிரியர். நோயாளியைப் பிடித்த ஆவியை விரட்ட அங்கே மென்லுவானா என்னும் வைத்தியர் சொல்லிச் செய்யும் மர உருவங்கள் உண்டு. மனிதனும் மிருகமும் கலந்த வடிவம், விழித்த கண்கள், உயர்த்திய கை. ஹெந்தாகோய் என்பார்கள். அப்படி ஒன்றின் முன்னால் அவர் நெடுநேரம் நின்றார். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர், ஞாயிறு தவறாதவர். “எங்க தாத்தா இதை இவ்வளவு நாள் வச்சிருக்க மாட்டார். யாருக்காகச் செஞ்சதோ அந்த ஆள் குணமாகிட்டாரா இல்லையான்னு இதுல எழுதலையே” என்றார். சீட்டில் பொருளின் பெயரும் மரமும் தீவும் இருந்தன. நோயாளி இல்லை.

அந்தச் சொல் எனக்குள் தைத்தது. அந்த உருவம் ஒரு படுக்கைக்குப் பக்கத்தில், ஒரு முனகலுக்குப் பதிலாக நின்றது. அந்த முனகலை எடுத்துவிட்டு உருவத்தை மட்டும் பூச்சி அரிக்காமல் காத்தால் எதைக் காத்தோம்? ஆக்ஸ்ஃபோர்டில் ஆஷ்மோலியனைப் போலவே அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகமும் இருக்கிறது. இத்தீவுகளில் அதிகாரியாயிருந்த ஈ. எச். மேன் 19-ஆம் நூற்றாண்டில் திரட்டியவற்றில் பல அங்கே இருக்கின்றன. ஆழ்வார் திருடுபோனவர், திரும்ப வரவேண்டியவர், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோயிலார் அவரை விடவில்லை, அவர் இடத்தில் யாரோ நகலை வைத்து அவர்களை ஏமாற்றினார்கள். ஆனால் ஆவி விரட்டும் உருவத்தைத் திருப்பிக் கொடுத்தால் அதை வாங்கிக்கொள்ளும் படுக்கை எங்கே? அதற்குச் சேரவேண்டிய மரியாதை திரும்பி வருவதா, மட்கிப்போக விடுவதா? நிக்கோபாரிகள் உட்கார்ந்து சொல்லவேண்டிய பதில் அது. அவர்களைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு உறுதி. 2020-இல் பிட் ரிவர்ஸ் தன் காட்சியிலிருந்த சுருக்கிய மனிதத் தலைகளை எடுத்துவிட்டது. காட்டாமல் இருப்பதும் தன் வேலைதான் என்று ஒரு காட்சிக்கூடம் ஏற்றுக்கொண்டதை நான் மதிக்கிறேன்.

மலைநாட்டிலிருந்து எங்களோடு வந்தவற்றில் மாரியம்மன் திருவிழாவும் ஒன்று. நீர்க்கரையில் கரகம் பாலித்து அம்மனை அழைத்து வருவோம். விழா முடிந்ததும் அதே நீரில் விட்டுவிடுவோம். சின்ன வயதில், இவ்வளவு அழகாகப் பூ வைத்துச் சோடித்ததை ஏன் விடுகிறோம் என்று அழுதிருக்கிறேன். “விட்டாத்தான் அடுத்த வருசம் வருவா” என்பார் அம்மா. அந்தப் பதிலைவிடத் தெளிவான தத்துவத்தை நான் இதுவரை படிக்கவில்லை.

நவீன ஓவியர்களுக்கு இது தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. கே. ஜி. சுப்ரமணியன் 1924-இல் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்று, 1944-இல் சாந்திநிகேதனுக்குப் போனார். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கலாபவன் வளாகத்தில் ஒரு கட்டடத்தின் வெளிச்சுவர்களை 1990-களின் தொடக்கத்தில் கறுப்பு வெள்ளைச் சித்திரங்களால் நிறைத்தார். மழையும் வெயிலும் அதைத் தின்றன. 2009-இல், எண்பத்தைந்து வயதில், அதே சுவரில் மறுபடி வரைந்தார். பழையதைப் பார்த்துப் படியெடுக்கவில்லை, புதிதாக வரைந்தார். அண்ணன் மகள் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து படித்தவள். ஒரு பல்கலைக்கழகம் கலைஞனுக்குக் கொடுக்கக்கூடிய பெரிய கொடை அதுதான் என்று நினைக்கிறேன்: தான் செய்ததைத் தானே விட்டுவிட்டு மறுபடி தொடங்க ஒரு சுவர், சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கும் இளையவர்கள். விலை போட்டு விற்கும் கூடம் அதைக் கொடுக்காது.

ஆனால் எல்லாவற்றையும் விட்டுவிடு என்று சொல்வதும் அநியாயமாகிவிடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், போரால் வீட்டை விட்டு ஓடியவர்களிடம் போய், விட்டு வந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரக் கேட்டார். கிணறு இங்கே, மாமரம் இங்கே, சாமி அறை இங்கே என்று அவர்கள் கைப்பட வரைந்தார்கள். அதைக் கட்டடக்கலைஞரின் அளவுப்படமாக்கி, பக்கத்தில் தம்முடைய சித்திரத்தையும் வைத்தார். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான தோம்பின் பெயரைத் தாங்கி, ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்று 2011-இல் அது புத்தகமாக வந்தது. அந்த மனிதர்களிடம் போய், பற்றை விடு, வீடு என்பது மாயை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அவர்கள் விடவில்லை. அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டது. பிடுங்கப்பட்டதை எழுதி வைப்பதும் வரைந்து வைப்பதும் தருமம். அதை மட்க விடுவது பிடுங்கியவனுக்குச் செய்யும் உதவி.

துறவைப் பற்றி நம் பெரியவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். இழந்தவனுக்குத் துறவைப் போதிப்பதைத்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. கையில் இருப்பதைத்தான் விட முடியும். அலை பறித்த அம்மாவை நான் எப்படி விடுவது? முதலில் அவரை எங்காவது இருத்தியாக வேண்டும். கும்பத்து நீருக்கு அழைப்பதுபோல ஒரு படத்திலோ பாட்டிலோ தரையில் கீறிய கோட்டிலோ அழைத்து உட்கார வைத்த பிறகே விடைகொடுக்க முடியும். கலைஞர்கள் அதைச் செய்கிறார்கள் என்றால் அவர்கள் வேலை பூசாரியின் வேலைக்கு வெகு பக்கத்தில் இருக்கிறது. அதற்குரிய சுத்தமும் அவர்களிடம் வேண்டும். இன்னொருவர் துக்கத்தில் தங்கி, உண்டு, வேலை செய்துவிட்டுப் போகிறவர், யாரிடம் பதில் சொல்வது என்பதை முதல் நாளே தெரிந்து வைத்திருக்க வேண்டும். கண்காட்சி அழைப்பிதழில் நன்றி என்று ஒரு வரி போட்டால் அந்தக் கடன் தீராது.

இதையெல்லாம் அண்ணன் மகளுக்கு எழுதினேன். கத்தியைத் தருகிறேன், மூன்று நிபந்தனை என்றேன். சீட்டில் சுனாமியில் தப்பிய பொருள் என்று போடாதே. பால் வெட்டியவருடைய கத்தி, மகளிடம் இரவல் வாங்கியது என்று போடு. கலைக்கூடத்தின் சேகரிப்புக்கு விற்கவோ கொடுக்கவோ கூடாது. கண்ணாடிக்குள் வைக்காதே, பார்க்க வருகிற மாணவர்கள் அந்தப் பிடியில் தங்கள் கட்டைவிரலை வைத்துப் பார்க்கட்டும். கண்காட்சிக்குப் பிறகு அதைக் கச்சால் கடலில் விட்டுவிடலாம் என்றும் சேர்த்திருந்தேன்.

முதல் இரண்டுக்கும் சரி என்றாள். கண்ணாடி விஷயத்தில் கலைக்கூடத்தாரிடம் வாதாடிக்கொண்டிருக்கிறாள். கூரான பொருள், யார் கையிலாவது பட்டால் என்று தயங்குகிறார்கள். முனையை மட்டும் தோல் உறையால் மூடலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறேன். கடலில் விடுவதைப் பற்றித்தான் கோபம். “தாத்தாவை நான் பார்த்ததே இல்லை, பாட்டியையும் பார்த்ததில்லை. உங்களுக்கு விடுறதுக்கு ஒண்ணு இருக்கு. நான் இன்னும் வாங்கிக்கவே இல்லையே அத்தை, எப்படி விடறது?” என்று எழுதியிருக்கிறாள்.

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நிக்கோபாரிகளைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் நான் அவளைக் கேட்காமல் தீர்ப்பெழுதக் கூடாது. அவள் ரெசிடென்சி முடிந்து வந்ததும் அண்ணனையும் உட்கார வைத்து மூவருமாகப் பேசுவது, தீவுக்குள் போக அரசாங்கத்தின் பாஸ் கிடைத்தால் கச்சாலுக்கே போய்ப் பேசுவது என்று வைத்திருக்கிறோம். போர்ட் பிளேரில் எங்கள் குட்வில் எஸ்டேட் பகுதியிலிருந்து ஒருவர் வரும் வாரம் சென்னைக் கப்பலில் போகிறார். துரு ஏறாமல் தேங்காயெண்ணெய் தடவி, துணி சுற்றி, கத்தியை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.