ஆண்டோம் என்பதா, ஆக்கினோம் என்பதா?

கடையநல்லூரிலிருந்து தென்காசிக்குப் போனாலும் சரி, புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கம் போனாலும் சரி, சுவர்களில் ஒரே வாசகம்தான்: ‘ஆண்ட பரம்பரை’. சாதிப் பெயர் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். எல்லாச் சாதியும் ஆண்டிருக்கிறது என்றால் ஆளப்பட்டவன் யார்? இதை எந்தச் சுவரும் கேட்பதில்லை. இப்போது நம் தெருச் சுவர்களிலும் அதே வாசகம் ஏறிக்கொண்டிருக்கிறது. ‘நாமளும் ஆண்டவங்கதான், நடுவுல வந்தவன் கவுத்துட்டான்’ என்று நம் இளைஞர்கள் பேசுகிறார்கள். இதை நமக்குள் நாமே பேசித் தீர்க்க வேண்டும்.

பேச வேண்டிய நேரமும் இதுதான். தாமிரபரணிக் கரையில் தோண்டத் தோண்டப் பழமை கூடிக்கொண்டே போகிறது. ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி, எடுத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். 2004இல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. சிவகளையில் மாநிலத் தொல்லியல் துறை எடுத்த தாழி ஒன்றில் கிடந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அதே சிவகளையின் இரும்பு கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. கேட்கும்போது எனக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது.

உடனே மேடையில் ஒரு தீர்ப்பும் வந்துவிடுகிறது. ‘ஆதியில சாதி கிடையாது. எல்லாரும் சமம். வடக்கேயிருந்து வந்தவன் கொண்டாந்த நஞ்சு இது.’ பார்ப்பனியம் சாதியைச் சாஸ்திரமாக்கிக் கட்டிக் காத்தது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அதற்கு முன்னால் எல்லாரும் சமமாக இருந்தார்கள் என்று தாழி சாட்சி சொல்லாது. ஆதிச்சநல்லூரில் சில தாழிகளோடு பொன்னாலான நெற்றிப்பட்டம் கிடைத்தது. பெரும்பாலானவற்றில் அது இல்லை. செத்த பிறகும் ஒருத்தருக்குப் பொன், இன்னொருத்தருக்கு வெறும் மண். இதை வைத்துச் சாதி இருந்தது என்று சொல்ல முடியாது. ஏற்றத்தாழ்வே இல்லை என்றும் சொல்ல முடியாது.

எம்.ஏ. தமிழ் வகுப்பில் சங்க காலத்தைப் பொற்காலம் என்றுதான் எங்களுக்கு நடத்தினார்கள். துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நான்கைத் தவிர வேறு குடியே இல்லை என்று சொல்லும் பாட்டு புறநானூற்றில் உண்டு. கட்டில் பின்னுபவனையும் பறை முழக்குபவனையும் ‘இழிசினன்’ என்று சொல்லும் பாட்டுகளும் அதே நூலில் உண்டு. முதலாவதை மேடைக்கு மேடை சொல்வார்கள். மற்றதை வகுப்பிலேயே தாண்டிப் போய்விடுவார்கள். அந்தச் சொல்லுக்கு அன்று என்ன பொருள் என்று அறிஞர்கள் வாதாடட்டும். கட்டில் பின்னியவனிடம் யாரும் பொருள் கேட்டதில்லை.

அந்நியன் வருவதற்கு முந்தைய காலத்தை என்ன செய்வது என்கிற இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உள்ளதில்லை. மெக்சிகோவைப் பாருங்கள். 1519இல் கோர்ட்டெஸ் சில நூறு ஸ்பானியரோடு கரையிறங்கியபோது அஸ்டெக்குகளின் தலைநகரம் டெனோச்டிட்லான் ஏரி நடுவே பெருநகரமாக நின்றது. ஏரிச் சேற்றை அள்ளிப் பாத்தி கட்டி மக்காச்சோளம் விளைவித்தார்கள். ஊற்றிலிருந்து கால்வாய் கட்டிக் குடிநீர் கொண்டுவந்தார்கள். ஆனால் அங்கே சுமை இழுக்க மாடும் கிடையாது, குதிரையும் கிடையாது. நெற்றியில் வார் போட்டு மனுசன் முதுகில்தான் எல்லாச் சுமையும் வந்து சேர்ந்தது. அடக்கப்பட்ட ஊர்கள் துணியும் தானியமும் கொக்கோவும் கப்பம் கட்டின. போரில் பிடிபட்டவர்கள் கோயில் உச்சியில் பலியானார்கள்.

அந்தப் பேரரசுக்கு அடங்காததால் உப்பும் பருத்தியும் கிடைக்காமல் சுற்றி வளைக்கப்பட்டிருந்த திலாஸ்கலா மக்கள் கோர்ட்டெஸோடு சேர்ந்தார்கள். 1521 ஆகஸ்டில் தலைநகரம் விழுந்தபோது அதைத் தாக்கியவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணின் மக்களே. கோர்ட்டெஸுக்கு மொழிபெயர்த்தவள் மாலின்ட்சின். சொந்த மண்ணிலேயே அடிமையாகக் கைமாறி, கடைசியில் இருபது பெண்களில் ஒருத்தியாக ஸ்பானியரிடம் கொடுக்கப்பட்டவள். சொந்த நாட்டை இளக்கமாக நினைத்து அந்நியனை மெச்சுகிறவனைத் திட்ட மெக்சிகோவில் இன்றும் அவள் பெயரிலிருந்து பிறந்த வசவுதான். அவளை ஆடு மாடு மாதிரி கைமாற்றிக் கொடுத்தவர்கள் பெயரில் வசவு எதுவும் பிறந்ததா?

எங்க தென்காசிப் பக்கத்து மீனாட்சிபுரமும் இந்தக் கதைதான். 1981 பிப்ரவரி 19இல் அங்கே நூற்றுக்கணக்கான தலித்துகள் இஸ்லாத்தில் சேர்ந்தபோது, ‘முன்னோர் பண்பாட்டை விட்டுப் போகலாமா? வளைகுடாப் பணமா?’ என்று டில்லிவரை கேட்டார்கள். அந்தப் பண்பாட்டில் எந்தத் திண்ணையில் அவர்களை உட்கார வைத்திருந்தீர்கள் என்று கேட்க ஆளில்லை. ஒரு நாகரிகம் ஒருவனைச் சுமக்க மட்டுமே வைத்திருந்தால், அதற்கு விசுவாசம் காட்ட அவன் கடமைப்பட்டவனா? இல்லை என்பதே என் பதில். அதற்காக வந்தவனெல்லாம் விடுதலை தந்தான் என்றும் ஆகாது. திலாஸ்கலா மக்களையும் பெரியம்மை கொன்றது. அவர்களும் ஸ்பானிய மன்னனுக்குக் குடிகளாகத்தான் ஆனார்கள்.

‘எல்லாம் பறிபோனவனுக்குப் பழம்பெருமையாவது வேண்டாமா?’ என்று ஒரு தோழர் கேட்பார். வேண்டும். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய பத்திரிகையில், தீண்டப்படாதோர் எனப்பட்டவர்களைப் பூர்வ பௌத்தர்கள் என்று எழுதினார். அவர் அந்தப் பழமையில் தேடியது அறத்தையும் அறிவையும். கிரீடத்தைத் தேடவில்லை.

என் பயம் இதுதான். சமத்துவ உரிமையைப் பழமையின் மேல் கட்டினால், நாளைக்கு ஒரு தாழி ‘அன்றைக்கும் ஏற்றத்தாழ்வு இருந்தது’ என்று காட்டும்போது என்ன செய்வோம்? உரிமை செத்துப்போகுமா? அன்று சாதி இருந்திருந்தாலும் இன்று அது அக்கிரமம்தான். அன்று இல்லாமல் இருந்தாலும் இன்றைய அக்கிரமம் ஒரு பொட்டும் குறையாது. நாம் மனுசர்கள் என்ற ஒரு காரணம் போதும். அதற்கு அகழாய்வுக் குழிக்குள்ளிருந்து அத்தாட்சி வர வேண்டியதில்லை.

ஆண்டோம் என்று சொன்னால் யாரை ஆண்டோம் என்றும் சொல்ல வேண்டிவரும். நமக்குக் கீழே ஒருத்தரைத் தேடிப் பிடிக்க வேண்டிவரும். தேடவே வேண்டாம், ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறோம். நமக்கே துணி வெளுத்துத் தந்த புதிரை வண்ணாரிடம் போய் நம்ம ஆண்ட கதையைச் சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தில் தெரியும், அந்தக் கதையின் மறுபக்கம்.

அப்படியென்றால் தாமிரபரணி நாகரிகம் நமக்கு வேண்டாமா? முழுசாக வேண்டும். ஆக்கியவர்களாக நின்று அதைக் கேட்போம். ஒரு உடம்பையே உள்ளே வைக்கிற தாழிக்கு மண் மிதித்த கால் யாருடையது? இரும்பு உருக்க ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கரி சுட்டுத் துருத்தி ஊதியது யார்? தாழிக்குள் போன நெல்லை விளைவித்தது யார்? அவர்களின் சாதியை எந்த எலும்பும் சொல்லாது. ‘எங்க சாதிதான்’ என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கடையநல்லூர் வயலில் இடுப்பொடிய நாற்று நட்ட எங்க அம்மாவுக்கு அந்தக் கைகள்தான் சொந்தம். பொன்பட்டம் கட்டியவன் தூரத்து ஆள். இது வேலை வழியாக வந்த சொந்தம். குயவர், கொல்லர், நெசவாளி, வண்ணார் எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு. யாரையும் கீழே தள்ளாமல் கொண்டாடக்கூடிய பெருமை இது ஒன்றுதான்.

ஆதிச்சநல்லூருக்கும் கீழடி அருங்காட்சியகத்துக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார்கள். நல்லது. ‘இது எந்த ராசா காலத்துச் சாமான்?’ என்று கேட்கப் பழகிய பிள்ளைகளுக்கு, ‘இதைச் செஞ்சவங்க எங்க குடியிருந்தாங்க, என்ன சாப்பிட்டாங்க?’ என்று கேட்கச் சொல்லிக் கொடுப்போம். வழிகாட்டி பதில் தெரியாமல் முழித்தாலும் பரவாயில்லை. கேட்கிற ஆள் கூடக் கூடத்தான், அடுத்த குழியைப் பொன் தேடித் தோண்டாமல் அடுப்பையும் உலையையும் தேடித் தோண்டுவார்கள்.