கண்மாய்க்காகப் பேசுபவர் யார்?

கரிசல் காட்டில் ஓர் ஓடையைக் காட்டி, இது யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், "சர்க்கார் புறம்போக்கு" என்ற விடை கிடைக்கும். சர்க்காருக்குச் சொந்தமானது யாருக்கும் சொந்தமில்லாதது என்பதே நடைமுறை. கோடையில் வறண்டு கிடக்கும் ஓடை பக்கத்து நிலத்தோடு சேர்த்து உழப்படுகிறது. நாலைந்து புரட்டாசி விதைப்புகளுக்குப் பின் அதன் கரையும் மறைந்துபோகிறது. அந்த ஓடை தனக்கே சொந்தம் என்று ஒருவர் சொன்னால் நாம் சிரிப்போம்.

ஆனால் ஏறத்தாழ அப்படித்தான் ஓர் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கோவில்பட்டி வழக்குகளும் போய்ச் சேரும் அதே மதுரைக் கிளையில், 2022 ஏப்ரலில், நீதியரசர் எஸ். ஸ்ரீமதி இயற்கை அன்னையை உயிருள்ள ஒரு சட்ட ஆளாக அறிவித்தார். ஆளுக்குரிய உரிமைகளும் கடமைகளும் அவளுக்கு உண்டு என்றார். மேகமலைப் பகுதியில் காட்டுப் புறம்போக்குக்குப் பட்டா வழங்கியதற்காகக் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்ட வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. அவருடைய தண்டனையைக் குறைத்த அதே தீர்ப்பில்தான் காட்டுக்கும் ஆளுமை கிடைத்தது என்பது சிந்திக்கத்தக்கது.

கருத்து அப்படியொன்றும் விந்தையானதன்று. உயிரில்லாத கம்பெனி சொத்து வாங்குகிறது, வழக்காடுகிறது. கோவில் தெய்வத்தையும் நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சட்ட ஆளாக ஏற்றுவந்துள்ளன. ஆனால் கம்பெனிக்கு இயக்குநர்கள் உண்டு. தெய்வத்துக்கு அறங்காவலர் உண்டு. கண்மாய்க்கு யார் உண்டு? 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்ட ஆள்களாக்கி, அரசு அதிகாரிகளை அவற்றின் காப்பாளராக நியமித்தது. வெள்ளம் வந்து சேதமானால் இழப்பீடு யார் தருவது என்று கேட்டு, அந்த மாநில அரசே உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஜூலையில் தீர்ப்புக்குத் தடை விழுந்தது.

காப்பாளரே கையை உதறும்போது குடிமக்கள்தாம் அவை கூட்ட வேண்டியிருக்கிறது. 2008-இல் தன் அரசியல் சட்டத்திலேயே இயற்கைக்கு உரிமை வழங்கிய எக்வதோர் நாட்டின் தலைநகர் கித்தோவில், 2014-இல் இயற்கை உரிமைகளுக்கான பன்னாட்டு மக்கள் தீர்ப்பாயம் முதன்முறை கூடியது. அதற்குக் காவலரும் இல்லை, சிறையும் இல்லை. சான்று கேட்டுத் தீர்ப்புரைப்பதோடு அதன் வேலை முடிந்தது. அதிகாரமற்ற தீர்ப்பால் என்ன பயன் என்பார்க்கு மேலூர்ப் பக்கம் ஒரு விடை இருக்கிறது. அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வரவிருந்தபோது, 2024-இல் ஊர்மக்கள் கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றினர், போராடினர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்துச் செய்தது.

அங்கே எதிரில் நின்றது வெளியிலிருந்து வந்த சுரங்கம். ஊர் ஒன்றுபடுவது எளிது. கரிசலில் அப்படியொரு மக்கள் அவை கூடினால் வேலை கடினமாகும் என்றே எண்ணுகிறேன். சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஓடை எவ்வழியே போயிற்று என்பதைக் கிடை போட்ட கீதாரி அறிவார். 1901 முதல் கோவில்பட்டியில் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரி மண்ணைப் பற்றிப் பேசும். ஆனால் கண்மாயெல்லாம் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் எந்தக் கூண்டில் நிற்கும்? 2017-இல் அதை அகற்றச் சொன்னது மதுரைக் கிளை. அதே ஆண்டில் உயர் நீதிமன்றமே அதற்கு இடைக்காலத் தடையும் விதித்தது. விளாத்திகுளம் பக்கம் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனை! இயற்கையின் உரிமை என்ற பெயரால் முதலில் விரட்டப்படுபவர் ஏழையாகவே இருந்துவிடக் கூடாது. 'இறைவா, உமக்கே புகழ்' என்ற 2015-ஆம் ஆண்டுத் திருமடலில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் பூமியின் குரலையும் ஏழையின் குரலையும் சேர்த்தே கேட்கச் சொன்னார். இரண்டையும் ஒரே விசாரணையில் கேட்காத அவை, எத்தனை நல்ல சொற்களைப் பேசினாலும், பாதி அவைதான்.

விவிலியத்தில் நிலத்துக்கும் ஓர் உரிமை இருக்கிறது. நாம் அதை அதிகம் வாசிப்பதில்லை. ஏழாம் ஆண்டு ஓய்வு நிலத்துக்குரியது என்கிறது லேவியர் நூல். மக்கள் அதைக் கொடுக்க மறுத்தால், அவர்கள் நாடுகடத்தப்பட்டிருக்கும் காலத்தில் நிலம் தானே அதை எடுத்துக்கொள்ளும் என்றும் எச்சரிக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் நம் மாவட்டத்தில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கண்மாய்கள் உடைந்தன. வெள்ளம் ஊருக்குள் புகுந்தது என்று எழுதினோம். பல இடங்களில் யார் யாருடைய இடத்தில் புகுந்திருந்தார் என்பதை நாம் விசாரிக்கவில்லை. பாதிக்கப்பட்டோரில் பலர் வேறிடம் வாங்க வழியில்லாமல் தாழ்ந்த நிலத்தில் குடியேறியவர்கள் என்பதையும் அந்த விசாரணை மறக்கக் கூடாது.

வரத்துக்கால்வாயை மறித்து வரப்புப் போட்டவர் வெளியூர்க்காரர் அல்லர். ஞாயிறு திருப்பலியில் நம் பக்கத்தில் மண்டியிடுபவர். கோவில் திருவிழாவுக்கு வரி கொடுப்பவர். சில வேளை நம் சம்பந்தி. அவரை அவைக்கு அழைக்க நம்மில் யார் முன்வருவார்? சான்று தேடி அலைய வேண்டியதில்லை. வருவாய்த்துறையின் பழைய கிராம வரைபடங்களில் ஓடைகள் இன்னும் கோடுகளாக இருக்கின்றன. உரிய கட்டணம் கட்டினால் நகல் வாங்கலாம்.