மார்கழி வாசலும் இடைகழி நாதனும்

ஸ்ரீ:



பரமபதவாசல் சேவைக்காகப் பல ஊர்களினின்றும், பனியையும் குளிரையும் பொருட்படுத்தாது வந்து கூடியிருக்கும் அடியார் திருக்கூட்டத்திற்கு அடியேன் தண்டன் ஸமர்ப்பித்துச் செய்யும் விண்ணப்பம் இது. எம்பெருமான் எழுந்தருளும் பெருவாசலைக் கண்ணாரச் சேவித்து, தீர்த்தமும் சடாரியும் பெற்று, நீங்கள் யாவரும் உங்கள் ஊருக்குத் திரும்பப் போகிறீர்கள். அங்கே மற்றொரு வாசல் உங்களுக்காகக் காத்திருக்கிறது. அது உங்கள் இல்லத்து வாசல். ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் வாசலுக்கும், நாள்தோறும் திறந்து மூடும் அந்தச் சிறுவாசலுக்கும் உள்ள உறவைச் சிறிது சிந்திப்போம்.

பண்டைத் தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, மார்கழியையும் தையையும் முன்பனிக்காலம் என்றனர். நம்முடைய ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள் என்பது சாஸ்திரம். உத்தராயணம் அவர்களுக்குப் பகல்; தக்ஷிணாயனம் இரவு. அவ்விரவின் கடைசிப் பகுதியாக அமைவது மார்கழி. கீதையின் 10ஆம் அத்தியாயத்தில் கண்ணபிரான், மாதங்களுள் தான் மார்கழியாக இருப்பதாக அருளிச்செய்ததும் நாம் அறிந்ததே. அன்றாடம் வைகறையில் எழுந்தவுடன் இல்லத்தில் நிகழும் முதற்காரியம் எது? வாசல் தெளித்துக் கோலமிடுதல் அன்றோ! ஒரு நாளின் வைகறைக்கே அது முறையானால், ஓராண்டின் வைகறையாகிய இம்மாதத்திற்கு எத்துணைச் சிறப்பாக அது நடைபெற வேண்டும்! மற்ற மாதங்களில் நாலு புள்ளியோடு நிற்கும் கோலம், மார்கழியில் வாசலை நிறைத்துத் தெருவரை படர்வதற்கு இதுவே காரணம்.

அந்த அலங்காரத்தின் முறையைப் பாருங்கள். முதலில் பெருக்குதல். பின்பு சாணம் கரைத்த நீரைத் தெளித்தல். ஈரம் உலர்வதற்குள் புள்ளி வைத்து இழை இழுத்தால்தான் மாவு மண்ணில் பற்றும். வெண்கோலத்தைச் சுற்றிக் காவி இடுதல். திருமண்ணின் வெண்மையும் ஸ்ரீசூர்ணத்தின் செம்மையும் சேர்ந்து விளங்கும் நெற்றியைப் போல அப்பொழுது அவ்வாசல் விளங்குகிறது. நடுவே சாண உருண்டை பிடித்து அதில் பூசணிப்பூவைச் செருகுதல். மாடப்பிறையில் அகல் ஏற்றுதல். இவ்வளவும் கதிரவன் எழுமுன் முடிந்துவிட வேண்டும்.

பூசணிப்பூவைத் தேர்ந்தெடுத்த நம் பாட்டிமாரின் அறிவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பூசணிக்கொடியில் காய்க்கும் பூவும் காய்க்காத பூவும் தனித்தனியே மலரும். காய்க்காத ஆண்பூவே எண்ணிக்கையில் மிகுதி. வேண்டிய சிலவற்றை மகரந்தத்திற்காகக் கொடியிலேயே விட்டுவிட்டு மற்றவற்றைப் பறித்தால் விளைச்சலுக்குக் குறைவில்லை. விடியலில் விரிந்து உச்சிப்பொழுதுக்குள் குவிந்துவிடும் இந்தப் பூ, பயன் இல்லாதது என்று தள்ளப்படாமல் எம்பெருமான் வரும் வழியில் மங்கலப் பொருளாகிறது. தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று நிற்கும் சேதநனையும் அவன் திருவுள்ளம் பற்றுவான் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமோ?

இனி, நம் தாயார் கோதை நாச்சியார் பக்கல் செல்வோம். நாச்சியார் திருமொழியின் முதல் திருமொழியிலேயே, தை மாதத்தில் தரையைத் தூய்மை செய்து மண்டலமிட்டதையும், நுண்ணிய மணலால் தெருவை அழகு செய்ததையும் அவள் தன் வாயாலேயே அருளிச்செய்கிறாள். தெருவை அணிசெய்வது பொழுதுபோக்கன்று, ஆராதனை என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த பெண்பிள்ளையே சாட்சி.

ஈண்டு ஒரு நுட்பம் உளது. திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் நோன்பின் விதிகளைச் சொல்லுகிறாள். நெய்யும் பாலும் விலக்கு. கண்ணுக்கு மை விலக்கு. கூந்தலுக்குப் பூ விலக்கு. இம்மாதத்தில் ஆய்ச்சியர் தம்மை அலங்கரித்துக் கொள்வதில்லை. அப்படியிருக்க, வாசலுக்கு மட்டும் பூ எதற்கு? தன் தலையில் சூடவேண்டிய பூவை அவன் அடிவைக்கும் மண்ணில் வைக்கிறாள் என்று கொள்வதே பொருந்தும். தனக்கு என்று ஒன்றும் இல்லை, எல்லாம் அவனுக்கு என்ற சேஷத்வ ஞானம் அந்த ஒரு மஞ்சள் பூவில் அடங்கியிருக்கிறது. பிறகு 27ஆம் பாசுரத்தில் அவளுக்கு வளையும் தோடும் புத்தாடையும் நெய் வழியும் பாற்சோறும் கிடைக்கின்றன. முதலில் அவன் வரும் வழிக்கு அலங்காரம். அவன் வந்தபின் அவன் கையால் நமக்கு அலங்காரம். இந்த வரிசை மாறலாகாது.

அதே இரண்டாம் பாசுரத்தில் மற்றொரு விதியும் உண்டு. தக்கார்க்கும் இல்லார்க்கும் இயன்ற மட்டும் கொடுக்க வேண்டும் என்பது அது. கொடுக்கும் இடம் எது? வாசல்தான். அரிசிமாவால் இட்ட கோலத்தில் முதலில் உண்பது எறும்பு. அடுத்து வருவது குருவியும் அணிலும். இல்லறத்தானுக்கு விதித்த பஞ்ச மஹாயஜ்ஞங்களுள் பூத யஜ்ஞம் என்பது பிற உயிர்களுக்கு உணவிடுதல். நம் இல்லத்துப் பெண்மணி, மந்திரம் ஏதும் சொல்லாமல், குனிந்த முதுகு நிமிர்வதற்குள் அந்த யஜ்ஞத்தை முடித்துவிடுகிறாள். அடுத்து மனுஷ்ய யஜ்ஞம். அது வாசலுக்கு வரும் அதிதியைப் போற்றுதல். எறும்புக்கு மாவிட்டு, பசித்து வந்த மனிதனைப் போ என்பது முறையாகுமோ?

இவ்விடத்தில் முதலாழ்வார்களின் சரித்திரத்தை நினைக்காமல் இருக்க முடியாது. தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவலூரில் ஓர் இரவு. கடுமழை, கண் தெரியாத இருள். காஞ்சியில் அவதரித்த பொய்கையார் ஓர் இல்லத்தின் இடைகழியில் ஒதுங்கினார். ஒருவர் படுக்க அங்கே இடமுண்டு. திருக்கடல்மல்லையில் அவதரித்த பூதத்தார் வந்தார். இருவர் இருக்கலாம் என்று எழுந்து உட்கார்ந்தார்கள். மயிலையில் அவதரித்த பேயார் வந்தார். மூவர் நிற்கலாம் என்று எழுந்து நின்றார்கள். அப்பொழுது நான்காவதாக ஒருவர் வந்து நெருக்குவதை உணர்ந்தார்கள். பூமியை அகலாகக் கொண்டு ஒருவர் விளக்கேற்ற, அன்பை அகலாகக் கொண்டு மற்றொருவர் விளக்கேற்ற, மூன்றாமவர் நெருக்கினவன் யார் என்று கண்டுகொண்டார். மூன்று திருவந்தாதிகள் நமக்குக் கிடைத்தன. ஸ்வாமி தேசிகன் அவ்வெம்பெருமானை தேஹளீசன், அதாவது இடைகழிக்கு நாதன், என்றே கொண்டாடி தேஹளீச ஸ்துதியை அருளினார். பெண்ணைக் கரையில் விளைந்த கரும்பாக அவனையும், ஆழ்வார்களின் நெருக்கத்தால் பெருகிய சாறாக அவன் குணத்தையும் அனுபவித்தார்.

அன்பர்களே! மூவுலகையும் அளந்த திருவடி, நிற்பதற்கு இடம் தேடி வந்தது கருவறைக்கு அன்று, கூடத்திற்கு அன்று. வாசலுக்கும் உள்வீட்டுக்கும் இடைப்பட்ட ஒரு சிறு கழிக்கு. அங்கே எந்த அலங்காரமும் இருந்ததாகச் சரித்திரம் சொல்லவில்லை. வந்தவருக்கு இடம் விட்டு எழுந்த மனமே அங்கே அலங்காரம். கோலமும் பூவும் விளக்கும் அந்த மனத்திற்கு அறிகுறிகள். மனம் இல்லாமல் அறிகுறி மட்டும் இருந்தால், அது முகவரி இல்லாத அழைப்பிதழ் ஆகும்.

இக்காலத்தில் இதைச் சொல்லவேண்டிய தேவை ஏற்பட்டிருக்கிறது. கோலமாவு என்று கடைகளில் விற்பது பெரும்பாலும் கல்லை அரைத்த பொடி. அதில் எறும்புக்கு ஒன்றுமில்லை. ஒருமுறை ஒட்டினால் ஆண்டு முழுவதும் நிற்கும் கோலங்களும் வந்துவிட்டன. நாச்சியார் தன் இரண்டாம் திருமொழியில், தோழியரோடு இழைத்த மணல் வீட்டைச் சிதைக்க வேண்டாம் என்று கண்ணனிடம் மன்றாடுகிறாள். ஆனால் அவன் வந்து நின்று சிதைக்கும்பொருட்டே அவள் இழைத்தாள் என்பது அன்புடையார்க்குத் தெரியும். கோலமும் அத்தகையதே. அடியார் நடந்து அழிய வேண்டும். மறுநாள் புதிதாய் எழ வேண்டும். தென்மாவட்டங்களில் பூவைத்த சாண உருண்டைகளை வரட்டியாய் உலர்த்திச் சேர்த்து, தை மாதத்துச் சிறுவீட்டுப் பொங்கலின்போது ஆற்றில் கரைப்பது வழக்கம். இட்டதை வைத்துக்கொள்ளாமல் விட்டுவிடுவதும் நோன்பின் பகுதியே.

அடுக்குமாடியில் குடியிருக்கிறோம், வாசலே இல்லையே என்று வருந்துவோர் பலர். ஒருவர் படுக்கும் இடம் திருக்கோவலூர் நாதனுக்குப் போதுமாயிருந்தது. கதவுக்கு வெளியே ஒரு முழ இடமிருந்தால் அரிசிமாவால் ஒரு சிறு பத்மம் இடலாம். சாணம் கிடைக்காவிடில் தூய நீர் போதும். பூசணிப்பூ கிடைக்காவிடில் ஒரு துளசித்தளம் போதும். திரௌபதியின் பாத்திரத்தில் ஒட்டியிருந்த ஒரு கீரையால் திருப்தியடைந்தவன் அவன்.

மற்றொன்றையும் பணிவுடன் விண்ணப்பிக்க வேண்டும். கணவனை இழந்தாள் என்ற காரணத்தால், பெற்ற தாயையே கோலம் இடவொட்டாமல் உள்ளே நிறுத்தும் வீடுகள் இன்றும் உண்டு. அறுபது ஆண்டு அவ்வாசலைத் தெளித்த கை, இடையில் எப்படி ஆகாத கை ஆகும்? பாகவதர்களிடம் ஏற்றத்தாழ்வு பார்ப்பது அபசாரம் என்பது நம் தர்சனம். வாசலில் வந்து நிற்கும் எம்பெருமான், இழையைப் பார்ப்பானேயன்றி, இட்டவளின் கழுத்தையோ நெற்றியையோ ஆராய்வானோ? அத்தாய் இடட்டும், அருகில் பேத்தி அமர்ந்து கற்கட்டும். ஆடவரும் எழுந்து நீர் சுமந்து தரட்டும். குளிரில் ஒருத்தி மட்டும் எழுந்திருப்பது நோன்பன்று. திருப்பாவையில் பத்துப் பாசுரங்கள், 6 முதல் 15 வரை, உறங்குவாரை வாசல்தோறும் சென்று எழுப்புவதற்கே அமைந்தன. கூடி எழுவதே இந்த நோன்பின் உயிர்.

உடையவர் திருப்பாவையை அநுஸந்தித்தவராய் மாதுகரத்திற்கு எழுந்தருளியபோது, ஆசார்யர் ஒருவரின் திருமாளிகை வாசலில் கதவு திறந்த சிறு பெண்ணை நப்பின்னைப் பிராட்டியாகவே கண்டு மோஹித்து விழுந்தார் என்பர் பெரியோர். வாசலில் நின்றவருக்கு உள்ளிருந்து வந்தவள் தெய்வமாய்த் தோன்றினாள். உள்ளிருக்கும் நாம், வாசலில் வந்து நிற்பவரை எவ்வாறு காண்கிறோம்?

ஆகவே, இவ்வுத்ஸவத்தைச் சேவித்து ஊர் திரும்பும் அன்பர்கள், மார்கழியில் எஞ்சிய நாள்களிலேனும் ஒரு நியமம் கொள்வீர்களாக. விடியுமுன் ஒரு பிடி அரிசிமாவு வாசலுக்கு. விடிந்தபின் ஒரு பிடி அரிசி வாசலுக்கு வருவோர்க்கு. இவ்விரண்டும் தவறாமல் நடக்கும் இல்லத்தின் இடைகழியில், ஒருநாள் நமக்கே தெரியாமல் நான்காமவனாக ஒருவன் வந்து நெருக்குவான். இங்கே வாசலைத் திறந்து அவனை ஏற்றவர்க்கு, அங்கே பரமபதவாசலை அவனே திறந்து வைப்பான் என்பதில் ஐயமுண்டோ?

ஆண்டாள் திருவடிகளே சரணம்.