எது அதே கணிப்பொறி?

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, கணிப்பொறியின் பத்து அம்சங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, அவற்றில் பல மாறினால் மறுபடி அனுமதி கேட்டது. முரட்டுத்தனமான முறை, ஆனாலும் புரிகிறது. என்னை உறுத்துவது, இயந்திரத்தோடு சேர்த்து விற்ற ஓஇஎம் உரிமத்துக்கு மைக்ரோசாஃப்ட் தந்த விளக்கம்: மதர்போர்டு பழுதாகி மாற்றினால் அது பழைய கணிப்பொறியே, வேகம் வேண்டி மாற்றினால் புதியது, உரிமம் செல்லாது.

புளூடார்க் சொல்லும் தீசியஸின் கப்பலிலும் உளுத்த பலகைகளைத்தான் மாற்றினார்கள். அங்கே தர்க்கம் மரத்தைப் பற்றியது. இங்கோ சொந்தக்காரனின் மனசைப் பற்றி. வாங்கியது உபயோகிக்கும் அனுமதி மட்டுமே என்பார்கள். அனுமதிக்கு நிபந்தனை உண்டு, சரி. என் ஆசையை விசாரிக்கும் அதிகாரம் அதில் எப்படி அடங்கும்?

2016இல் விண்டோஸ் 10, உரிமத்தைப் பயனரின் கணக்கோடு இணைக்க வழி செய்தது. சலுகைதான். இயந்திரத்துக்குப் பதில் நான் போய் அடையாளம் காட்டி நிற்பது எனக்கு அவ்வளவு உவப்பாயில்லை.