மீட்பன் வந்தான், மீட்சி வந்ததா?

தெற்கு வானிலே, பனிக்கால இரவுகளில், பளிச்சென்று ஒளிவிடும் விண்மீன் ஒன்று உண்டு. இரவு வானத்து விண்மீன்களில் ஒளியால் இரண்டாம் இடம் அதற்கு. மேலை நாட்டார் அதனைக் கனோப்பஸ் என்பர்; நம் முன்னோர் அகத்தியர் என்று பெயரிட்டனர். ஏறத்தாழ 310 ஒளியாண்டுத் தொலைவிலே இருக்கிறது. அந்தக் கதிரவனை மூன்றாவதாகச் சுற்றி வரும் கோள் ஒன்றைக் கற்பனையிலே படைத்து, அதற்கு அராக்கிஸ் என்று பெயர் சூட்டி, 1965-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார் அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் ஹெர்பர்ட். நூலின் பெயர் 'டியூன்'. மணற்குன்று என்று பொருள். கடலையே குடித்ததாகக் கதை கட்டப்பட்ட முனிவரின் பெயரால் நாம் அழைக்கும் விண்மீனைச் சுற்றி, ஒரு சொட்டு நீருக்கு ஏங்கும் உலகம்! பொருத்தம் வேடிக்கையானதுதான். ஆனால் அந்த நூல் எழுப்பும் கேள்வி வேடிக்கையானதன்று.

கேள்வி இது: அடிமைப்பட்ட மக்களுக்கு நல்ல தலைவன் ஒருவன் கிடைத்துவிட்டால், அவர்கள் விடுதலை பெற்றவர்கள் ஆவார்களா?

அராக்கிசிலே மழை இல்லை, ஆறு இல்லை. ஆனால் அதன் மணலிலே மெலாஞ்ச் என்னும் நறுமணப் பொருள் விளைகிறது. ஆயுளை நீட்டும் பொருள் அது. விண்கப்பலோட்டிகளுக்கு வழி தெரியச் செய்யும் பொருளும் அதுவே. வேறெந்த உலகிலும் கிடைக்காது. அது இல்லையேல் கப்பல் இல்லை. கப்பல் இல்லையேல் பேரரசு இல்லை! எனவே பேரரசன் ஒருபுறம், கப்பலோட்டிகளின் சங்கம் ஒருபுறம், பிரபு குலங்கள் ஒருபுறம் என்று எல்லார் கண்ணும் அந்த மணலின் மீதே. எண்பது ஆண்டுகள் அதைச் சுரண்டிக் கொழுத்தது ஹார்க்கோனன் குலம். பிறகு பேரரசன் ஆணையால் அது அட்ரெய்டீஸ் குலத்தின் கைக்கு மாறுகிறது. கொடுத்தவனே கெடுக்கவும் செய்கிறான். தன் படையினருக்கு ஹார்க்கோனன் சீருடை மாட்டி அனுப்பி, அட்ரெய்டீஸ் குலத் தலைவன் லீட்டோவை வீழ்த்தத் துணை போகிறான்.

கொடுத்தான், பெற்றான், பறித்தான்! ஆனால் அந்த மண்ணிலே தலைமுறை தலைமுறையாக வாழும் ஃபிரெமென் மக்களை எவரேனும் ஒரு வார்த்தை கேட்டனரா? கேட்பது கிடக்கட்டும். அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவுமில்லை ஹார்க்கோனன் குலத்தார். விளையாட்டுக்காக அவர்களை வேட்டையாடினார்கள், எண்ணவில்லை. மூச்சிலும் வியர்வையிலும் கசியும் ஈரத்தையும் வீணாக்காமல் மீட்டுத் தரும் உடையணிந்து, பாறைக் குகைகளிலே ஒடுங்கி வாழ்ந்த அந்த மக்கள், ஆள்வோரின் கணக்கேட்டிலே இடம் பெறவேயில்லை.

இந்தக் கதையைக் கேட்பவர் மனத்திலே எழும் முதல் கேள்வி என்ன? "இரு குலங்களில் நல்ல குலம் எது?" என்பதுதான். மாணவர்களிடம் எந்தப் போரைப் பற்றிச் சொன்னாலும் முதலில் வருவது இந்தக் கேள்வியே. விடையும் எளிது. ஹார்க்கோனன் கொடியவன், அட்ரெய்டீஸ் நல்லவன். மணலிலே வேலை செய்யும் பொறியைப் பெரும் புழுவொன்று விழுங்க வருகிறது. பொறி நிறையச் சேர்த்த செல்வம் இருக்கிறது. அந்தச் செல்வத்தைக் கைவிட்டுத் தொழிலாளர் உயிரைக் காக்கிறான் லீட்டோ. உயர்ந்த செயல். மறுப்பதற்கில்லை.

ஆனால் தோழர்களே, அந்த நல்லவன் அங்கே வந்தது எதற்காக? அந்தப் பொருளை எடுப்பதற்காக. ஃபிரெமென் மக்களின் நட்பை நாடியது எதற்காக? பாலைவனத்திலே தனக்கொரு படை வேண்டும் என்பதற்காக. நல்லவன் வீட்டுக்குள்ளே வந்தாலும், அழைக்காமல் வந்தவன் அழைக்காமல் வந்தவனே! ஒருவன் நல்லவன் என்பது அவனுடைய குணத்துக்குச் சான்று. நம்மை ஆளும் உரிமைக்குச் சான்றன்று. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவரை, ஆண்டைகள் மாறுவார்கள், அடிமைத்தனம் மாறாது.

லீட்டோ கொல்லப்படுகிறான். அவன் மகன் பால், தாயுடன் பாலைவனத்துக்குள் தப்பி ஓடுகிறான். முன்பின் அறியாத அயலாரைக் கண்டால் கொன்று, உடலிலுள்ள நீரை எடுத்துக்கொள்வது அந்த மக்களின் வழக்கம். இவர்களை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? அங்கேதான் நூலாசிரியர் நம் கண்ணைத் திறக்கிறார். "வெளியுலகிலிருந்து ஒரு மீட்பன் வருவான்; அவனுடைய தாய் இன்ன மரபைச் சேர்ந்தவளாக இருப்பாள்" என்றொரு நம்பிக்கை ஃபிரெமென் மக்களிடம் வேரூன்றியிருந்தது. அது வானத்திலிருந்து விழுந்ததா? இல்லை. பெனி ஜெசரிட் என்னும் பெண்கள் சங்கம், நெடுங்காலத்துக்கு முன்பே ஆள் அனுப்பி, திட்டமிட்டு விதைத்த புராணம் அது. எதற்காக விதைத்தார்கள்? என்றேனும் ஒருநாள் தங்கள் சங்கத்துப் பெண்ணொருத்தி அங்கே ஆபத்தில் சிக்கினால், அந்த நம்பிக்கை அவளுக்குக் கேடயமாகட்டும் என்பதற்காக! பாலின் தாய் அந்தச் சங்கத்தைச் சேர்ந்தவள். விதைத்தவர் வீட்டார், விளைந்ததை அறுத்தனர்.

மூடநம்பிக்கையை வெறும் அறியாமை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அறியாமை மட்டுமன்று, அது ஒரு முதலீடு. யாரோ போட்டு வைக்கிறார்கள். யாரோ வட்டியுடன் எடுக்கிறார்கள். முதலாகக் கிடப்பதோ மக்களின் மனம்!

இனி வருவது கதையின் உயிர்நிலை. ஃபிரெமென் மக்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. தலைவனாக விரும்புபவன், இருக்கும் தலைவனைப் போருக்கு அழைத்து வெல்ல வேண்டும். ஸ்டில்கர் என்னும் தலைவனைப் பால் இவ்வாறு கொன்று தலைமை ஏற்க வேண்டுமென்று இளைஞர்கள் எதிர்பார்க்கிறார்கள். பால் மறுக்கிறான். பெரும்போர் வரும் நேரத்திலே, சிறந்த வீரனை நாமே அழிப்பது அறிவாகுமா என்று கேட்கிறான். கேட்போர் உள்ளம் உருகுகிறது. கொடிய வழக்கமொன்று, அறிவார்ந்த வாதத்தாலே வீழ்கிறது. சீர்திருத்தம் என்று நாம் கைதட்டத்தான் தோன்றும்.

ஆனால் கூர்ந்து நோக்குங்கள். அந்த வழக்கம் காட்டுமிராண்டித்தனமானது, ஒழிய வேண்டியதே. எனினும் அதற்குள்ளே ஓர் உரிமை ஒளிந்திருந்தது: தலைவனை எதிர்க்கலாம், இறக்கலாம் என்னும் உரிமை. வழக்கம் ஒழிந்தபோது அந்த உரிமையும் சேர்ந்தே ஒழிந்தது. அதன் இடத்திலே வாக்குச்சீட்டு வந்ததா? மன்றம் வந்ததா? வரவில்லை, பால் வந்தான், எவராலும் எதிர்க்க முடியாத இடத்திலே! ஸ்டில்கரின் உயிர் பிழைத்தது. ஆனால் தோளோடு தோள் நின்று பேசிய நண்பன் ஸ்டில்கர், வாய்பொத்தி வியந்து நிற்கும் பக்தன் ஆகிவிட்டான். அதைக் கண்டு மனம் வருந்துகிறான் பால். நண்பனை இழந்தேன் என்று உணர்கிறான். உணர்ந்து என்ன பயன்? பக்தனை மீண்டும் நண்பனாக்கும் வித்தை எந்த மீட்பனுக்கும் தெரியாது.

"போகட்டுமே! மக்கள் ஒன்றுபட்டார்கள், கொடியவன் வீழ்ந்தான், பேரரசனே மண்டியிட்டான். நம்பிக்கை பொய்யாயினும் நன்மைக்குத்தானே பயன்பட்டது?" என்று கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். இது இலேசாகத் தள்ளிவிடத் தக்க வாதமன்று. பட்டினியால் வாடுவோரிடம் போய், "முதலில் பகுத்தறிவு, பிறகு சோறு" என்று எவரும் சொல்ல மாட்டார். விரைவில் வெல்ல வேண்டும் என்னும் துடிப்பும் நேர்மையானதே.

இந்த வாதத்துக்கு ஹெர்பர்ட் 1969-ஆம் ஆண்டில், 'டியூன் மெசையா' என்னும் அடுத்த நூலிலே விடை தந்தார். பால் பேரரசனாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவன் பெயரால் புனிதப் போர் உலகம் உலகமாகப் பரவியிருக்கிறது. மாண்டவர் 6,100 கோடி. உயிரற்றுப் போன கோள்கள் 90. அடியார் கூட்டத்தோடு துடைத்தெறியப்பட்ட மதங்கள் 40. கணக்கைச் சொல்பவன் வேறு யாருமல்லன், பாலே சொல்கிறான். போரை நிறுத்த அவன் விரும்பவில்லையா? விரும்பினான். முடியவில்லை. "இவன் சொன்னால் எதையும் செய்வோம்" என்று கிளம்பியவர்கள், "இவன் பெயரால் எதையும் செய்வோம்" என்ற இடத்திலே போய் நின்றார்கள். முன்னதிலிருந்து பின்னது ஓரடி தூரம்தான்!

அந்த நூலிலே ஃபரோக் என்றொரு முதிய வீரன் வருகிறான். போரிலே சேர்ந்தாயே, எதற்காக? கடல் என்று ஒன்று இருக்கிறதாமே, அதைக் காண வேண்டுமென்று சேர்ந்தானாம்! கண்டான், அதனுள் இறங்கினான், போர் வெறி தெளிந்து கரையேறினான். வீட்டிலே அவன் மகன், போர்க்களத்தில் இரு கண்ணும் இழந்து அமர்ந்திருக்கிறான். வெற்றி பெற்ற இனத்தின் வீடு அது. தோற்றவர் வீடு எப்படி இருந்திருக்கும்?

"கதைதானே!" என்று சொல்லித் தப்பிவிட முடியாது. 1916 ஜூன் மாதம் அரபு மக்கள் துருக்கியப் பேரரசை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். ஆங்கிலேய அதிகாரி லாரன்ஸ் அவர்களுடைய உடையணிந்து, அவர்களோடு ஒட்டகமேறிப் போரிட்டார். ஆனால் அதற்கு முந்தைய மாதமே, அந்த மண்ணைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள இங்கிலாந்தும் பிரான்சும் மறைவாக ஒப்பந்தம் செய்திருந்தன. 1920-இல் ஈராக் இங்கிலாந்தின் பொறுப்பிலும், சிரியா பிரான்சின் பொறுப்பிலும் வைக்கப்பட்டன. அரபு மக்கள்மீது லாரன்சுக்கு அன்பு இல்லாமலில்லை. கொடுத்த வாக்கு காப்பாற்றப்படாது என்பதை அறிந்திருந்ததற்காக வெட்கப்பட்டுத் தம் நூலிலே எழுதவும் செய்தார். அன்பு இருந்தது, வெட்கம் இருந்தது, மண் மட்டும் கைமாறிவிட்டது!

அப்படியானால் மாற்று வழி எது? அதையும் முதல் நூல் காட்டுகிறது. பார்டாட் கைன்ஸ் என்னும் அறிவியலறிஞர் அராக்கிசுக்கு வருகிறார். காற்றின் ஈரத்தைப் பிடிக்கலாம், புல் நட்டு மணலை நிறுத்தலாம், பிறகு செடி, பிறகு மரம் என்று படிப்படியாகக் கணக்கிட்டுக் காட்டுகிறார். எவ்வளவு காலமாகும்? 300 முதல் 500 ஆண்டுகள்! நடுபவர் எவரும் நிழலைக் காண மாட்டார். ஆயினும் அந்த மக்கள் ஒப்புகிறார்கள். குகைகளுக்குள்ளே நீரைச் சேர்க்கிறார்கள். தேவையுள்ளவரும் அதைத் தொடுவதில்லை. பெயர் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காக இன்று தாகம் பொறுப்பது! எந்த மீட்பனும் இதைவிடப் பெரிய அற்புதத்தைச் செய்ததில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நமக்கு இனிப்பாக இருந்திருக்கும். ஆசிரியர் நிறுத்தவில்லை. தொடக்கத்திலே, இந்த அயலானைக் கொன்றுவிடுவது என்று முடிவு செய்து, ஊலியட் என்பவனைக் கத்தியுடன் அனுப்புகிறார்கள் மூத்தோர். மரம் வளர்ப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த கைன்ஸ், குறுக்கே நின்றவனை விலகச் சொல்லிவிட்டு நடக்கிறார். ஊலியட் மூன்றடி நடந்து, தன் கத்தியின்மீது தானே விழுந்து மாய்கிறான்! அன்று முதல் கைன்ஸ் சொன்னது வேதம். அவர் சொன்னது அறிவியல். அவர்கள் கேட்டதோ அருள்வாக்கு. அந்தக் கைன்சின் மகன் பாலைவனத்தில் சாகக் கிடக்கும்போது, தந்தையின் குரல் அவன் நினைவிலே ஒலித்து எச்சரிக்கிறது: மாவீரன் ஒருவனின் கையிலே சிக்குவதைவிடப் பெரிய கேடு ஒரு மக்கள் இனத்துக்கு இல்லை என்று. நல்ல எச்சரிக்கை. சொன்ன குரலுக்கே அது பொருந்துமென்பதுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

பகுத்தறிவாளர் என்று தலைநிமிர்ந்து நடக்கும் நமக்கு இங்கேதான் பாடம். புராணத்துக்கு மட்டும்தான் பக்தன் உண்டு என்று எண்ணாதீர்கள். அறிவுக்கும் பக்தன் உண்டாகலாம். சரியான கருத்தைச் சரியென்று அறிந்து ஏற்பது வேறு. சொன்னவர் பெரியவர் என்பதால் ஏற்பது வேறு. பின்னதிலே கருத்து எவ்வளவு சிறந்ததாயினும், ஏற்பவன் வளரவில்லை, குனிந்தான், அவ்வளவே. நாளை வேறொருவன் பொய்யைச் சொன்னாலும், குனியப் பழகிய முதுகு குனியத்தான் செய்யும்.

ஆகவே, எந்தத் தலைவரைக் கண்டாலும், எந்த இயக்கத்தில் சேர்ந்தாலும், "இவர் நல்லவரா?" என்பதோடு நிற்காதீர்கள். அடுத்த கேள்வியையும் கேளுங்கள்: "இவரிடம் நான் 'இல்லை' என்று சொல்ல முடியுமா? சொன்ன பிறகும் தோழனாக இருக்க முடியுமா?" முடியும் என்றால், அவர் வழிகாட்டி. முடியாது என்றால், எத்துணை நல்லவராயினும் அவர் ஆண்டையே.

இந்த நூல் 2021-இலும் 2024-இலும் இரு பகுதிகளாகத் திரைக்கு வந்தது. இரண்டாம் படத்தின் முடிவிலே, வெற்றி பெற்ற பாலின் முன் எல்லாரும் மண்டியிடுகிறார்கள். அவனைக் காதலித்த, அவனுக்குப் பாலைவனத்திலே நடக்கக் கற்றுக்கொடுத்த சானி மட்டும் மண்டியிடவில்லை, திரும்பி நடந்துவிடுகிறாள். நூலிலே இது இல்லை; படம் எடுத்தவர் சேர்த்தது. அவள் அவனை வெறுத்தாளா? இல்லை. அன்பு வைத்தவனிடம்கூட அடிமையாகாமல் நிற்க முடியும் என்று காட்டினாள். அந்த உலகம் முழுவதிலும் அந்த வேளையிலே நிமிர்ந்து நின்றவள் அவள் ஒருத்தியே. மீட்சி என்று ஒன்று அங்கே இருந்ததென்றால், அது அரியணையில் இல்லை. வளையாத அந்த முழங்காலிலேதான் இருந்தது.